கடலூரை விட்டுக் கிளம்பலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வங்கியில் முப்பத்து மூன்று வருடம், ஒன்பது மாற்றல். நான்கு முறை குடும்பத்தோடு போனேன், மூன்று முறை தனியாக. மீதி இரண்டு முறை "முதலில் நான் போய் வீடு பார்க்கிறேன், பின்னாடியே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனதில் ஒரு முறை அவர்கள் வரவே இல்லை. இப்போது ஓய்வு பெற்று கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். ஊர் மாறுவதைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், குவிந்துவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): சார், சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேப்பில் இருக்கிறேன், கையில் 42,000 வருகிறது. பெங்களூரு பொம்மசந்திராவில் 70,000 தருகிறோம் என்கிறார்கள். இங்கே சொந்த வீடு. மாதச் செலவு 30,000, அதில் பள்ளிக்கூடம் 4,000. பையன் மூன்றாவது, பெண் யு.கே.ஜி. மனைவி எம்.எஸ்சி. படித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். போகலாமா?

பதில்: தம்பி, 70-ஐயும் 42-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். மாசக் கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்று பாருங்கள். இங்கே 12,000 நிற்கிறது. அங்கே வாடகை 22,000, மெயின்டனன்ஸ் 2,000 என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி, வேன் எல்லாம் சேர்த்து மாதக் கணக்கில் 13,000 என்று வைப்போம், அதுவும் சுமாரான பள்ளி. மற்ற வீட்டுச் செலவு இங்கே 26,000, அங்கே சிக்கனமாக இருந்தாலும் 30,000 ஆகும். ஆக 67,000. மிச்சம் 3,000. உங்கள் மஞ்சக்குப்பம் வீட்டை 7,000-க்கு விட்டால் 10,000. சம்பளம் 28,000 கூடி, மிச்சம் 2,000 குறைகிறது! இதில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான்கு பேர் ஊருக்கு வந்து போகிற செலவு சேரவில்லை. அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்டாலே 1,32,000 போய் உட்கார்ந்துகொள்ளும், பத்து மாதம் கேட்கும் ஓனர்களும் அங்கே உண்டு, காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் திருப்பித் தருவார்கள்.

இன்னொன்று. ஒரு பேப்பரை எடுத்து, ஊரில் காசு கொடுக்காமல் உங்களுக்குக் கிடைப்பதையெல்லாம் எழுதுங்கள். மாமியார் வீட்டு அரிசி மூட்டை, சீசனில் பண்ருட்டி பலா, மாமனார் ஸ்கூட்டரில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது, ஜுரம் வந்தால் அத்தை வந்து இரண்டு நாள் படுத்துக்கொள்வது. அங்கே இது ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு, சிலது எந்த விலைக்கும் கிடைக்காது. நான் எழுதிப் பார்க்காமல் முதல் மாற்றலில் போனேன். மூன்றாவது மாதம் மனைவியின் வளையல் எங்கள் வங்கியிலேயே அடகுக்கு வந்தது, மதிப்புப் போட்டது என் பக்கத்து மேசைக்காரர்.

அதற்காகப் போகாதே என்று சொல்லவில்லை. உங்கள் கணக்கைப் புரட்டிப்போடக்கூடியவர் உங்கள் மனைவி. கடலூரில் எம்.எஸ்சி.க்கு டியூஷனை விட்டால் என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் மருந்துக் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. அவருக்கு ஒரு வேலை கிடைக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். அப்புறம், பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. வாடகை குறையும், பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளியிலேயே படிக்கும், ரேஷன் கார்டும் அப்படியே இருக்கும். காலையில் அந்த ரோட்டில் நெரிசல் மண்டையைக் காய்ச்சும், உண்மைதான், ஆனால் 9,000, 10,000 மிச்சம் என்றால் நான் காய்ந்துகொண்டே போவேன்.

கேள்வி (புதுப்பாளையம்): பெண் எட்டாவது, கடலூரில் அரசுப் பள்ளி. டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். எனக்கு புதுச்சேரியில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே குடிபோகலாம் என்று பார்க்கிறோம். இருபத்தைந்து கிலோமீட்டர்தானே?

பதில்: தூரம் இருபத்தைந்துதான் அம்மா, ஆனால் அது வேறு அரசாங்கம். நம் ஊரில் இதை மறந்துவிடுகிறோம், பாகூர் பக்கம் போனால் எந்த வயல் எந்த அரசாங்கத்தின் கீழ் என்றே தெரியாத அளவுக்குப் பின்னிக் கிடப்பதால் வரும் மறதி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இலிருந்து மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனியாக உண்டு. அதற்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாவதில் எல்லை தாண்டினால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். கல்லூரிக்குப் போகும்போது வருகிற புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் இதே கதைதான். புதுச்சேரியில் அவர்களுடைய ஒதுக்கீட்டைக் கேட்கலாமே என்றால், அங்கே மாணவர் சேர்க்கை நடத்தும் சென்டாக் வழியாகப் போவதற்கு ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். இப்போது எட்டாவது, பன்னிரண்டாவது முடிக்க நாலு சொச்சம் வருடம். இரண்டுங்கெட்டானாக நிற்பாள். பாடமும் மாறும், அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்குப் போய்விட்டன.

இவள் நன்றாகப் படிக்கிற பெண் என்றால் நான் வீட்டை நகர்த்த மாட்டேன். கன்னியக்கோயில் வழியாக பஸ்ஸில் போய் வாருங்கள், ஆயிரம் பேர் தினமும் போகிறார்கள். சென்னைக்குப் போவதாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் அரசுப் பள்ளியிலேயே சேர்த்தால் சரி. கௌரவத்துக்காகத் தனியாரில் போட்டால் அங்கேயும் போச்சு.

கேள்வி (புதுச்சேரி லாஸ்பேட்டை): சென்னை போகிறோம். என் கார் பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி நம்பர். மாற்ற வேண்டுமா?

பதில்: பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் மாற்றியாக வேண்டும். புதுச்சேரி ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்ட வேண்டும். பழைய கார் என்றால் விற்றுவிட்டுப் போவது நிம்மதி. பெட்ரோல் அங்கே விலை அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): சிறுசேரியில் ஐ.டி. வேலை. வாரா வாரம் ஊருக்கு வர வேண்டும், நிலம் இருக்கிறது. எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

பதில்: பேரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கேளம்பாக்கம் வேறு, கிளாம்பாக்கம் வேறு. ஒரு உறவுக்காரர் பையன் இதில் குழம்பி ராத்திரி பதினொரு மணிக்கு மூட்டையோடு நின்றான். தெற்கே போகிற பஸ்களுக்கான நிலையம் கிளாம்பாக்கத்தில், 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. உங்கள் வேலை இடத்துக்குப் பக்கம் இருப்பது கேளம்பாக்கம். இரண்டையும் வண்டலூர் ரோடு இணைக்கிறது. வாரா வாரம் வருகிறவர் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் பார்த்தால் பஸ்ஸும் விழுப்புரம் வழி ரயிலும் கைக்குப் பக்கம், ஆனால் தினமும் ஆபீஸ் தூரம். கேளம்பாக்கத்திலேயே இருந்தால் கோவளம் போய் ஈ.சி.ஆர். பஸ் பிடித்து மாமல்லபுரம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரி, அங்கிருந்து இன்னொரு பஸ். மாதத்தில் இருபத்திரண்டு நாள் ஆபீஸ், நாலு நாள் ஊர். நான் ஆபீஸ் பக்கம்தான் இருப்பேன்.

வீடு பார்க்கும்போது ஹாலை அளக்காதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். லாரித் தண்ணீரா, மே மாதத்தில் மெயின்டனன்ஸ் எவ்வளவு ஏறும், இதை ஓனரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள். 2019-இல் ஏரிகள் வறண்டபோது அந்தப் பக்கம் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கரண்டுக்கு ஓனர் யூனிட்டுக்கு ஒரு தனி ரேட் வைத்திருப்பார், வாரியத்தின் 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வராது. அட்வான்ஸ் விஷயத்தில், தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் சொல்கிறது, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டால் செல்லும் என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறது. ஓனர்கள் அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறார்கள். இருந்தாலும் சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசலாம், நான் ஆறு மாதத்தை நாலு மாதமாக்கினேன்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம், பிறகு ஃபெஞ்சல் புயல். போதும் சார். சென்னைக்கே போய்விடலாம் என்று வீட்டில் முடிவு.

பதில்: உங்கள் வலி எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் என் வீட்டு மாமரமும் போனது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்து வயசானவர்கள் அழுததை நேரில் பார்த்தவன் நான். 2024-இல் ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அதற்கு அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து நம் பக்கத்தை மூழ்கடித்தது. ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து சென்னைக்கா? 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் அங்கேயும்தான் நடந்தன. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் குறைந்த வாடகை என்று யாராவது சொன்னால் ஏன் குறைவு என்று கேளுங்கள். கடலோரத்தை விட்டுத் தள்ளிப் போவதுதான் நோக்கம் என்றால், இதே மாவட்டத்தில் மேடான இடம் பாருங்கள், பாதிச் செலவு.

கேள்வி (கடலூர் முதுநகர்): அப்பாவுக்கு 74. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தொடர்ந்து காட்டுகிறோம். நாங்கள் சென்னை போகிறோம், அவர் வர மாட்டேன் என்கிறார். விட்டுவிட்டுப் போனால் ஊர் பேசும், கூட்டிப்போனால் அவர் பேச மாட்டார்.

பதில்: என் அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனேன். மூன்றாவது மாடி. நாற்பது நாள் இருந்தாள். மருமகள் மேல் ஒரு குறை சொல்லவில்லை, பேரனோடு சண்டை இல்லை. "மீன்காரி கூடையைக் கீழே வைக்கிற சத்தமே இல்லாத ஊர்ல மனுஷன் இருப்பானா" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள். மறுநாள் டிக்கெட் போட்டேன்.

அப்பா நடமாட்டமாக இருக்கிறார், தானே சமைக்கிறார் என்றால் விட்டுவிட்டுப் போங்கள், ஊர் ரெண்டு வாரம் பேசும், அப்புறம் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஜிப்மருக்கு யார் கூடப் போவது என்பதை இப்போதே ஒருவரைக் கேட்டு முடிவு பண்ணுங்கள், காசு கொடுத்தாவது. அங்கே விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்பது 74 வயசுக்காரர் தனியாகச் செய்கிற வேலை இல்லை. சென்னையிலும் ஓமந்தூரார், ராஜீவ் காந்தி என்று நல்ல அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, ஆனால் பத்து வருடப் பைலை வைத்திருக்கும் இடத்தை விட்டுப் புதிதாக ஆரம்பிப்பது லேசில்லை. வருமானக் கணக்குப் போடும்போது அப்பாவுக்கான பயணச் செலவு, கூட இருப்பவருக்கான செலவு இரண்டையும் சென்னைச் செலவில் சேர்த்துவிடுங்கள். பலர் இதை விட்டுவிட்டுத்தான் "லாபம்" என்று வருகிறார்கள்.

கேள்வி (பண்ருட்டி): என் பெயரில் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. பெங்களூரு போனால்?

பதில்: அது தமிழ்நாட்டு ரேஷன் கார்டை வைத்து வருவது. சென்னை, ஓசூர் போனால் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். குடும்பமே கர்நாடகத்துக்குக் குடிபோய்விட்டு இதையும் வாங்கிக்கொண்டிருப்பது முறையல்ல, என்றைக்காவது சரிபார்ப்பார்கள். அங்கே பெண்களுக்கு அரசு பஸ் இலவசம் உண்டு, 2023 ஜூனிலிருந்து, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அட்டை காட்ட வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி வில்லியனூர்): குடும்பம் இங்கேயே இருக்கட்டும், நான் மட்டும் போகிறேன். சரிதானே?

பதில்: கணக்குப்படி பெரும்பாலும் இதுதான் மலிவு. ஷேரிங் ரூம், மெஸ் சாப்பாடு, மாதம் ஒரு முறை பஸ். ஒரு வருடம் என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் முடிவுத் தேதியைக் காலண்டரில் எழுதி மனைவி கையெழுத்து வாங்கிவிட்டுப் போங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஒரு வருடம் என்று நாக்பூர் போனது மூன்று வருடமானது. ஒரு விடுமுறையில் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே பையன் கேட்டான், "எப்பப்பா ஊருக்குப் போறீங்க?" அவனுக்கு என் ஊர் நாக்பூர் ஆகிவிட்டது.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், ஒரே தெருக்காரர்): இங்கே உள்ள வீட்டை விற்று சென்னையில் ஃபிளாட் வாங்கிவிடலாமா?

பதில்: அண்ணே, நேரில் கேட்டிருக்கலாம். முதல் வருடம் விற்காதீர்கள். வாடகைக்கு விட்டுவிட்டு, அங்கே வாடகைக்கு இருங்கள். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த பழைய ஃபிளாட்டை வாங்கும்போது முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் பத்திரத்துக்கே போகிறது, 50 லட்சத்து ஃபிளாட் என்றால் நாலரை லட்சம். பிடிக்கவில்லை என்று இரண்டாம் வருடம் திரும்பினால் அந்தப் பணம் திரும்பாது. விற்றே ஆக வேண்டும் என்றால், லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமானால் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், ஆடிட்டரைப் பாருங்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிறீர்கள் என்றால் என்னிடம் கொடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், மோட்டார் ரிப்பேர் ஆனால் மட்டும் உங்களிடம்தான் கேட்பேன்.