ஏசி, ஹீட்டர் இரைச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏசியின் வெளி யூனிட் படுக்கையறைச் சுவரின் மறுபுறம் மாட்டப்பட்டுள்ளது. வெளியே நின்றால் சத்தம் பெரிதாக இல்லை. அறைக்குள் மட்டும் இடைவிடாத ரீங்காரம் கேட்கிறது. ஏன்?

பதில்: கம்ப்ரசரின் அதிர்வு ஸ்டாண்டு வழியாகச் சுவருக்குள் இறங்குகிறது; நீங்கள் கேட்பது சுவர் எழுப்பும் ஒலி. யூனிட் ஓடும்போது உள்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். யூனிட்டின் கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா, வெயிலில் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் புது ரப்பர்கூட நசுங்கி, இருந்தும் இல்லாததைப் போலாகிவிடும். அடுத்து, செம்புக் குழாய் சுவர்த் துளையின் விளிம்பைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். ரப்பரை மாற்றியும் சத்தம் குறையாத வீடுகளில் நான் முதலில் சந்தேகிப்பது இந்த இடத்தைத்தான். இவையெல்லாம் சரியாக இருந்தும் ரீங்காரம் நீடித்தால், யூனிட்டைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் வைப்பதே நிலையான தீர்வு.

கேள்வி: வெளி யூனிட்டைச் சுற்றிப் பலகை அடித்துவிட்டால் சத்தம் அடங்காதா?

பதில்: நெருக்கமாக அடைத்தால் சூடான காற்று வெளியேற வழியின்றி மீண்டும் யூனிட்டுக்குள்ளேயே இழுக்கப்படும், கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும், மின்செலவும் ஏறும். தடுப்பு வேண்டுமென்றால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடைவெளியை விட்டு, கேட்பவருக்கும் யூனிட்டுக்கும் இடையிலான நேர்ப்பார்வையை மறைக்கும் உயரத்தில், சந்து இல்லாத கனமான பலகையாக ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மெல்லிய தட்டிகளால் பயனில்லை.

கேள்வி: டக்ட் (காற்றைக் கொண்டுசெல்லும் தகட்டுக் குழாய்) மூலம் இயங்கும் எங்கள் அமைப்பில், காற்றை உள்ளிழுக்கும் கிரில்லில் விசில் போன்ற ஒலி வருகிறது.

பதில்: குறுகிய வழியில் அதிகக் காற்று பாய்வதுதான் காரணம். ஃபில்டரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். விசில் நின்றால், ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது உங்கள் அமைப்புக்குப் பொருந்தாத அளவு அடர்த்தியானது. நிற்காவிட்டால் கிரில்லைப் பெரிதாக்க வேண்டியிருக்கலாம்: திறப்பின் பரப்பு இருமடங்கானால், அதே அளவு காற்றின் வேகம் பாதியாகும். பயன்படுத்தாத அறைகளின் காற்றுவாய்களை மூடிவைக்கும் வழக்கம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். மற்ற வாய்களில் காற்று இன்னும் வேகமாகப் பாய்ந்து இரைச்சல் கூடும். ஃபேனின் சுழற்சி வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் குறையும் என்பது பொது விதி. ஆனாலும் குளிரூட்டும்போது காற்றோட்டம் மிகவும் குறைந்தால் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) பனி படியும் என்பதால், இந்த மாற்றத்தைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ஹீட்டர் தொடங்கியதும் எங்கிருந்தோ ‘டம்’ என்று சத்தம் கேட்கிறது. ஆபத்தா?

பதில்: எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. டக்டிலிருந்து என்றால், தகடு சூடேறி விரியும்போது எழும் ஒலி, தொந்தரவுதான், ஆபத்தில்லை. தகட்டின் தட்டையான பகுதிக்கு வலுவூட்டினால் அடங்கும். எரிவாயு பர்னர் பற்றும் கணத்தில் வந்தால், வாயு சேர்ந்தபின் தாமதமாகத் தீப்பிடிக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள். அவர் பார்த்துச் சரிசெய்யும்வரை மீண்டும் இயக்க வேண்டாம்.

கேள்வி: அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்கிறது.

பதில்: பெரும்பாலும் உள்ளே காற்று தேங்கியிருக்கும். அமைப்பை அணைத்து ஆறவிட்டு, மேல்முனையிலுள்ள வால்வைச் சிறிது திறந்து, சீறல் நின்று தண்ணீர் கசியத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரின் அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.