பஸ் ரிவர்ஸ் வரும்போது நான் எங்கே நிற்பது?

கேள்வி: கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறேன். முகூர்த்த நாளில் டூரிஸ்ட் பஸ்கள் வரும், ரிவர்ஸில்தான் உள்ளே விட முடியும். பின்னாடி நின்று "வா வா, ரைட்டு" என்று கத்தினால் டிரைவர்கள் என்னையே திட்டுகிறார்கள். என்ன தப்பு செய்கிறேன்? (வாசகர், கரூர்)

பதில்: முதல் தப்பு அந்த 'ரைட்டு'தான். பஸ்காரர்களுக்கு ரைட்டு என்றால் 'போகலாம்'. நீங்கள் வலது பக்கம் ஒடிக்கச் சொல்லியிருப்பீர்கள், அவர் வழி இருக்கிறது போல என்று ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவார். நான் கிளீனராக இருந்தபோது இப்படி ஒரு ரைட்டு சொல்லி, யாரோ ஒருவர் வீட்டு சன்ஷேடைப் பெயர்த்திருக்கிறேன். அதனால் 'டிரைவர் சைடு ஒடிங்க', 'கிளீனர் சைடு ஒடிங்க' என்றே சொல்லுங்கள், குழப்பம் வராது.

அப்புறம், பஸ்ஸுக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது. அங்கே நின்றால் டிரைவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், பிரேக் கொஞ்சம் தாமதித்தால் சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் நீங்கள்தான் இருப்பீர்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள், உங்களுக்கு அவர் தெரிந்தால்தான் அவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். கூடவே வரும்போது பின்னோக்கி நடக்காதீர்கள், கல் தடுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் கேட் டிரைவர் பக்கம் வருகிற மாதிரி, பஸ்ஸைக் கேட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிவிட்டு அங்கிருந்து ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கள், அவர் தலையை வெளியே நீட்டிப் பாதி வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

எல்லோரும் வாலையே பார்ப்பார்கள், மூக்கை மறந்துவிடுவார்கள். வால் டிரைவர் பக்கம் திரும்பும்போது முன் மூலை கிளீனர் பக்கம் வீசும், அங்கே நிறுத்தியிருக்கிற பைக்குகள் வரிசையாகச் சாயும். 12 மீட்டர் பஸ்ஸுக்கு இன்னொரு ஆள் முன்னால் வேண்டும். கிளம்பும்போது கதை தலைகீழ்: பின் சக்கரத்துக்கு அப்பால் பத்தடி போல நீட்டிக்கொண்டிருக்கும் வால் எதிர்ப்பக்கம் வீசும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

தொடங்கும் முன் ஒரு நடை போய் மேலே கரண்ட் ஒயர், சீரியல் செட் கட்டிய ஆர்ச், கீழே சாக்கடை சிலாப், செப்டிக் டேங்க் மூடி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். சிலாப் உடைந்து பின் சக்கரம் இறங்கினால் பொண்ணு மாப்பிள்ளை கார்கூட வெளியே போக முடியாது.

குரலை மட்டும் நம்பாதீர்கள், நாதஸ்வரமும் ஜெனரேட்டரும் சேர்ந்து அதை அமுக்கிவிடும். விசில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ, அதை மாற்ற வேண்டாம். கண்ணாடியில் நீங்கள் மறைந்தால் நிறுத்திவிடச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஒரே ஒரு ஆள் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா, பூக்காரர், சமையல்காரர் எல்லோரும் கை ஆட்டினால் எந்த டிரைவர்தான் திட்ட மாட்டார்?

கேள்வி: இப்போது பஸ்ஸிலேயே ரிவர்ஸ் கேமரா வருகிறதே, ஆள் எதற்கு? (வாசகி, நாமக்கல்)

பதில்: நான் பெயர்த்த சன்ஷேடு மேலே இருந்தது. கேமரா தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.