கட்டட ஒப்புதலும் விதி இணக்கமும்: நியூசிலாந்து வீட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கட்டடப் பரிசோதனைத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இங்கு வாழும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்றவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஹாமில்டனிலிருந்து: பின்வளவில் 28 சதுர மீட்டரில் ஒரு தனியறை கட்டவிருக்கிறோம். ஒப்புதல் தேவையில்லை என்கிறார் கட்டுநர். அப்படியானால் விதிகளும் பொருந்தாதா, ஐயா?

விதிகள் முழுமையாகப் பொருந்தும். 2004ஆம் ஆண்டின் கட்டடச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒப்புதல் வேண்டிய வேலையானாலும் வேண்டாத வேலையானாலும் அது கட்டட விதிக்கோவைக்கு இணங்கியே ஆகவேண்டும் என்கிறது. 30 சதுர மீட்டர் வரையிலான ஒரு தளத் தனிக்கட்டடத்துக்கு 2020 முதல் விலக்கு உண்டு. 10 சதுர மீட்டரைத் தாண்டினால் கூடுதல் நிபந்தனைகளும் உண்டு. சமையலறையோ குளியலறையோ வைத்தால் இந்த விலக்கு கிடையாது. ஒப்புதல் இல்லாத வேலையை, ஒப்புதல் வழங்கும் உள்ளூர்க் கவுன்சில் வந்து பார்க்காது என்பதால், அத்திவாரம் முதல் கூரைவரை அது சரியாக இருப்பதற்கான பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது.

வெலிங்டனிலிருந்து: கட்டட ஒப்புதல் விண்ணப்பத்துக்கு 20 வேலைநாளில் முடிவு என்றார்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது. இது சட்டமீறல் இல்லையா?

கவுன்சில் கூடுதல் விவரம் கேட்கும் நாளில் அந்தக் கணக்கு நின்றுவிடும். நீங்கள் பதில் கொடுத்த பின்னரே மீண்டும் ஓடும். ஆகவே முதலில் எத்தனை நாள் உங்கள் பக்கம் நின்றது என்று கணக்கிட்டுப் பாருங்கள். வரைபடத்தின்படி கட்டினால் விதிக்கோவை நிறைவேறும் என்று நியாயமான ஆதாரத்தின் பேரில் திருப்தி கொள்வதே கவுன்சிலின் கடமை. "விதிக்கு இணங்கக் கட்டப்படும்" என்று வரைபடத்தில் எழுதிவைப்பது ஆதாரமாகாது. எந்தப் பொருள், எந்த இணைப்பு, விதிக்கோவை ஏற்கும் எந்தத் தீர்வின்படி என்பதைக் காட்டி, எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே தடவையில் பதில் கொடுக்குமாறு உங்கள் வரைவாளரிடம் வலியுறுத்துங்கள்.

ஆக்லாந்திலிருந்து: நாங்கள் வாங்கிய வீட்டுக்கு 1999இல் ஒப்புதல் பெற்று 2000இல் கட்டி முடித்திருக்கிறார்கள், கட்டி முடித்த வேலை விதிக்கு இணங்கியது என்று கவுன்சில் தரும் இணக்கச் சான்றிதழ் மட்டும் எடுக்கவில்லை. இப்போது விண்ணப்பித்தால், வெளிச்சுவர்ப் பூச்சின் நீடித்த உழைப்பு உறுதியில்லை என்று கவுன்சில் மறுக்கிறது. வழி உண்டா?

உண்டு, சகோதரி. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, காலக்கணக்கு. நீடித்த உழைப்பைப் பற்றிய பி2 விதி, தாங்கும் சட்டகம் பொதுவாக 50 ஆண்டும், வெளிச்சுவர்ப் போர்வை போன்றவை 15 ஆண்டும், எளிதில் மாற்றக்கூடியவை 5 ஆண்டும் உழைக்கவேண்டும் என்கிறது. இந்த ஆண்டுகள் சான்றிதழ் தரும் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பழைய போர்வை இன்றிலிருந்து இன்னும் 15 ஆண்டு உழைக்கும் என்று எந்தக் கவுன்சிலும் உறுதி சொல்லாது. இதற்குப் பரிகாரம் இருக்கிறது: வீடு பெருமளவு கட்டி முடிந்த நாளிலிருந்தே அந்தக் கணக்குத் தொடங்கவேண்டும் என்று பி2 விதியில் ஒரு திருத்தம் கேட்டு விண்ணப்பியுங்கள். இது வழக்கமாகத் தரப்படும் திருத்தமே. மேலும், 2004க்கு முந்தைய பழைய சட்டத்தின் கீழ் பெற்ற ஒப்புதல் என்பதால், உங்கள் வீட்டை அன்றைய விதிக்கோவையைக் கொண்டுதான் அளக்கவேண்டும். இன்றைய விதியைக் கொண்டு அல்ல.

இரண்டாவது சிக்கல் மழைநீர். இதைக் காகிதத்தால் தீர்க்க முடியாது. 1990களின் பிற்பகுதியில், கூரை இறவாணம் வெளியே நீளாத, பூச்சு நேரடியாக ஒட்டிய, மருந்தூட்டாத பைன் மரச் சட்டகம் கொண்ட வீடுகள் ஏராளமாக எழுந்தன. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்தை உளுக்கச் செய்தது. 2002இல், கசியும் வீடுகளை ஆராய்ந்த டான் ஹன் தலைமையிலான குழு இதைத்தான் வெளிக்கொணர்ந்தது. அந்தக் காலத்து வீடொன்றின் சுவரை நாங்கள் திறந்தபோது, வெளியே ஒரு கீறல்கூட இல்லாத இடத்தில், திருப்புளி முனை தேநீரில் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல மரத்துக்குள் இறங்கியது. அந்த அறையில் ஒரு குழந்தையின் கட்டில் கிடந்தது. அதனால்தான் கவுன்சிலின் தயக்கத்தை வெறும் கெடுபிடி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆகவே சுயாதீனமான பரிசோதகர் ஒருவரைக் கொண்டு, சன்னல் மூலைகள், கூரையும் சுவரும் சேரும் இடங்கள், நிலமட்டத்தை ஒட்டிய அடிப்பகுதி ஆகியவற்றின் ஈரத்தை அளந்து, வேண்டிய இடத்தில் துளையிட்டும் பார்க்கச் செய்யுங்கள். மரம் உலர்ந்து உறுதியாக இருந்தால், அந்த அறிக்கையையும் பி2 திருத்த விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பழுது தெரிந்தால், புதிய ஒப்புதல் பெற்றுத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அறிக்கை நன்றாக இருந்தும் மறுத்தால், காரணங்களை எழுத்தில் தருவது கவுன்சிலின் கடமை. அந்தக் கடிதத்தை வைத்து, எம்பிஐஇ எனப்படும் வணிக, புத்தாக்க, வேலைவாய்ப்பு அமைச்சகத்திடம் டிடெர்மினேஷன் என்னும் தீர்மானம் கோரலாம். அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அதை ஏற்காதவர் 15 வேலைநாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து: முந்தைய உரிமையாளர் 2008இல் கராஜைக் குசினியும் குளியலறையும் ஆக்கியிருக்கிறார், ஒப்புதல் இல்லை. இப்போது வாங்கலாமா?

செய்து முடித்த வேலைக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தரச் சட்டத்தில் இடமில்லை. ஏற்புச் சான்றிதழ் ஒன்றுதான் வழி. 1992 ஜூலை 1க்குப் பிந்தைய வேலை என்பதால் வீட்டின் உரிமையாளர் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கவுன்சில் தன் கண்ணால் உறுதிசெய்ய முடிந்த பகுதிக்கு மட்டுமே அதில் பொறுப்பேற்கும். ஓட்டுக்கல்லுக்கு அடியில் நீர்த்தடுப்புப் படலம் உண்டா இல்லையா என்பதை யாரும் சொல்ல முடியாது. திருத்தச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்கே வரக்கூடும் என்பதால், வாங்குவதற்கு முன்பே விற்பவரைச் சான்றிதழ் எடுக்கச் சொல்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்திடமும் வங்கியிடமும் இதை மறைக்காதீர்கள்.

மீண்டும் ஆக்லாந்திலிருந்து: பக்கத்து வீட்டார் எல்லையை ஒட்டிச் சுவர் எழுப்புகிறார்கள். வெயில் மறைகிறது. ஒப்புதலை எதிர்க்க முடியுமா?

வெயில், காட்சி, அந்தரங்கம் ஆகியவை திட்டமிடல் சட்டத்துக்கு உரியவை. கட்டட ஒப்புதலில் அவை பேசப்படமாட்டா. ஆனால் தீ பரவுதல், மழைநீர் உங்கள் வளவுக்குள் பாய்தல் போன்றவற்றில் விதிக்கோவை அயல் வீட்டையும் பாதுகாக்கிறது. அந்த விதிகளைப் பொறுத்தவரை அயலவரான நீங்களும் தீர்மானம் கோரலாம்.

டனீடினிலிருந்து: தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் மரத்தளம் போடுகிறேன். 1.5 மீட்டருக்குள் என்பதால் ஒப்புதல் வேண்டாம். கைப்பிடியும் வேண்டாம்தானே?

கைப்பிடித் தடுப்பு கட்டாயம் வேண்டும். ஒரு மீட்டரோ அதற்கு மேலோ விழ வாய்ப்புள்ள இடத்தில் எஃப்4 விதி தடுப்பைக் கேட்கிறது. ஒரு மீட்டர் உயரத்தில், 100 மில்லிமீட்டர் பந்து நுழையாத இடைவெளியுடன் அமையுங்கள். கம்பிகளைக் குறுக்காக வைக்காமல் நெடுக்காக வையுங்கள். குறுக்குக் கம்பியில் கால்வைத்து ஏறச் சிறுபிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும்.