வோல்னிரின் எலும்பை விடுங்கள், காப்பை அடியுங்கள்

கேள்வி: கணினியில் டார்க் சோல்ஸ் 3 என்ற வீடியோ கேம் ஆடுகிறேன். கார்தஸ் நிலவறைக் கல்லறையில் வரும் வோல்னிர் என்ற ராட்சத எலும்புக்கூடு பாஸிடம் (அந்தப் பகுதியின் பெரிய எதிரி) பதினோரு முறை செத்துவிட்டேன். வாளை வீசிக்கொண்டுதான் இருக்கிறேன், திடீரென்று ஹெல்த் கரைந்துபோகிறது. ஒவ்வொரு முறையும், சாகும்போது விழுந்து அங்கே கிடக்கும் 38,000 சோலை, அதாவது ஆட்டத்தின் காசை, எடுக்கிறேன், உடனே மறுபடி சாகிறேன். சாட் குழுவில் ஒருவர், கேம் வாங்கிய ஸ்டீம் தளத்தின் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் 600 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? இல்லை, இன்னும் பத்து லெவல் ஏற்றிக்கொண்டு போகட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். லெவல் ஏற்றுவது இந்த பாஸுக்கு வெட்டி வேலை. பாஸ்வேர்டு கொடுப்பது வினையை விலை கொடுத்து வாங்குவது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் நீங்கள் எதனால் சாகிறீர்கள் என்று பார்ப்போம்.

வோல்னிர் உங்களை அடித்துக் கொல்லவில்லை. அவர் உடம்பை ஒட்டி ஒரு கரும்புகை இருக்கிறது பாருங்கள், அதற்குள் நின்றாலே ஹெல்த் மளமளவென்று இறங்கும். திரையை அடைத்துக்கொண்டு நிற்பது மண்டையோடும் விலா எலும்பும் என்பதால் யாராக இருந்தாலும் அதை நோக்கித்தான் ஓடுவார்கள். விலா எலும்பு வாளுக்கு எட்டுகிறது என்றால் நீங்கள் புகைக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேடயத்தைத் தூக்கிப் பிடித்தும் பயனில்லை, புகைக்கு ஏது கேடயம்?

அடிக்க வேண்டியது கையில் போட்டிருக்கும் காப்பை. தங்கமாக மினுங்கும் மூன்று காப்பு, இரண்டு கைகளிலுமாக இருக்கின்றன. மூன்றும் உடைந்தால் ஆட்டம் முடிந்தது. நாம் காப்பு என்றால் கையில் போடுவதையும் சொல்வோம், பாதுகாப்பையும் சொல்வோம். இவருக்கு இரண்டு பொருளும் அப்படியே பொருந்தும். மற்ற நாட்டுக் கிரீடங்களை எல்லாம் பொடியாக்கித் தன் கிரீடம் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்த மன்னர் இவர். பாதாள இருளில் விழுந்ததும் வாழ்க்கையில் முதல் முறையாகப் பயந்து கடவுளைக் கூப்பிடுகிறார். ஒரு புனித வாளும், மதகுருமார்களின் பிணங்களிலிருந்து உருவிய மூன்று காப்பும்தான் அங்கே அவருக்கு ஆறுதல். அவற்றை உடைத்தால் இருள் அவரை இழுத்துக்கொள்கிறது.

இந்தக் கதை ஆட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது தெரியுமா? வோல்னிரின் புனித வாளின் குறிப்பில். அந்த வாள் எப்போது கிடைக்கும்? அவரைக் கொன்று, அவருடைய ஆன்மாவைக் கொண்டுபோய் லட்லெத் என்ற பாத்திரத்திடம் கொடுத்து மாற்றினால். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இந்த ஆட்டத்தை இயக்கிய மியாசாகியின் ஆட்டங்கள் எனக்கு உயிர், ஆனால் 2016இல் முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கு ஒரு வரி முன்கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். மண்டியிட்ட எலும்புக்கூடுகளுக்கு நடுவில் இருக்கும் கிண்ணத்தைத் தொட்டதும் இருட்டுக்குள் போய் நிற்பீர்கள். எதிரே அவர் தவழ்ந்து வருவார். நின்று வேடிக்கை பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் கையை நோக்கி ஓடுங்கள். கை தரையில் ஊன்றும், அந்தக் கணத்தில் காப்பு உங்கள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். வாளை இரு கையாலும் பிடித்து இரண்டு வெட்டு, விலகுங்கள். மூன்றாவது வெட்டுக்கு ஆசைப்படுகிற இடத்தில்தான் எல்லோரும் சாகிறார்கள். அவர் வாயிலிருந்து புகையை ஊதினால் வந்த வழியே பின்னால் ஓடிவிடுங்கள், அது அடங்கியதும் திரும்பி வரலாம். நடுவில் வாளை உருவி எலும்புக்கூடுகளை எழுப்பிவிடுவார். அவற்றோடு மல்லுக்கட்டினால் புகை உங்களைத் தேடி வந்துவிடும். வழிமறிப்பதை மட்டும் தட்டிவிட்டுக் கைக்கே திரும்புங்கள்.

38,000 சோலுக்கு ஒரு வழி இருக்கிறது. பொருள் விற்கும் சன்னதிக் கிழவியிடம் 500 சோலுக்கு ஹோம்வார்ட் போன் என்ற எலும்பை வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே சோலை எடுத்த கையோடு, அவர் நெருங்கும் முன் அதை உபயோகித்தால் போன்ஃபயர் என்ற ஓய்விடத்துக்கு வந்துவிடலாம். அந்தச் சோலைக் கொல்லன் ஆண்ட்ரேயிடம் செலவழியுங்கள். உங்கள் ஆயுதம் இன்னும் +2 மேம்பாட்டிலேயே இருந்தால் பத்து லெவலும் வீண், அதை +4 ஆக்கினாலே காப்பு சீக்கிரம் உடையும்.

அப்புறம் அந்த 600 ரூபாய். இந்த ஆட்களைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன், பேச்சு எல்லாம் ஒரே மாதிரி. முதலில் பாஸ்வேர்டு கேட்பார்கள். பிறகு, “செல்போனுக்கு ஒரு குறியீட்டு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்” என்பார்கள். அந்த எண்தான் ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற பாதுகாப்பு, உங்கள் வீட்டுக் கடைசித் தாழ்ப்பாள். அதைத் திறந்துவிட்ட பத்தாவது நிமிடம் மின்னஞ்சல் முகவரி மாறியிருக்கும். என்னிடம் வந்த ஒரு பையன் இப்படி எட்டு வருடம் சேர்த்த ஆட்டங்களை இழந்தான். புகார் கொடுத்தால் வார்ப்பில் ஊற்றிய மாதிரி ஒரு பதில் வரும், பதிலுக்குப் பதில் எழுதினாலும் அதே பதில்தான் திரும்ப வரும். கணக்கைப் பிறரோடு பகிரக் கூடாது என்று ஸ்டீம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, நாமும் படிக்காமல் சம்மதம் கொடுத்திருக்கிறோம். அதனால் சட்டம் பேசவும் வாய் இருக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் அண்ணனோ நண்பரோ உங்கள் அறையில், உங்கள் நாற்காலியில், நீங்களே லாகின் செய்த கணினியில் உட்கார்ந்து அந்த பாஸை முடித்துக்கொடுத்தால் தாராளமாகச் செய்யட்டும். உங்கள் அறையில் என்றேன், கவனியுங்கள். “நான் இங்கிருந்தே உங்கள் திரைக்குள் வந்து ஆடித் தருகிறேன், ஒரு சின்ன செயலியை மட்டும் நிறுவுங்கள்” என்பது இந்த விதிவிலக்கில் வராது. “சேவ் ஃபைலை மட்டும் அனுப்புங்கள், அடித்து முடித்துத் திருப்பி அனுப்புகிறேன்” என்பதும் வராது. அந்த ஃபைல் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது, பிறர் கை வைத்துத் திரும்பி வந்ததைப் போட்டு ஆன்லைன் போனால் ஏமாற்றுக்காரர் பட்டியலில் சேர்வது நீங்கள். அண்ணன் ஊரில் இல்லை, வீடியோ காலில் சொல்லித் தருகிறார் என்றால் அது சரி. பேச்சு வரலாம், விரல் வரக்கூடாது.

துணைக்கு ஆள் வேண்டும் என்றால் காசே இல்லாமல் ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கும். எம்பர் என்ற பொருள் ஒன்றை உபயோகியுங்கள். ஹெல்த் 30 சதவீதம் கூடும், தரையில் வெள்ளை எழுத்தில் பிறர் போட்டுவைத்த அழைப்புக் குறிகளும் தெரியும். தொட்டால் ஆள் வருவார். தெரிந்த நண்பர்தான் வர வேண்டும் என்றால் நெட்வொர்க் அமைப்பில் இருவரும் ஒரே கடவுச்சொல்லைப் போடுங்கள், அவர் லெவல் எவ்வளவு இருந்தாலும் சேரலாம். இது ஸ்டீம் பாஸ்வேர்டு அல்ல, நீங்களாக யோசித்துப் போடும் ஒரு சொல், அவ்வளவுதான். 2022 ஜனவரியில் பாதுகாப்பு ஓட்டை என்று கணினி சர்வர்களை மூடி, ஆகஸ்ட் வரை திறக்காமல் வைத்திருந்தார்களே, அந்த மாதங்களில்தான் இந்த 600 ரூபாய் ஆசாமிகள் கொழுத்தார்கள் என்பது என் கணிப்பு. இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

வோல்னிர் விழுந்தால் 22,000 சோல் கிடைக்கும், வழி இரிதில் நகரத்தை நோக்கித் திறக்கும். அங்கே பாலத்தில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு ஒன்று நிற்கும். சின்னப் பொம்மை கையில் இருந்தால்தான் விடும். அது கதீட்ரல் பகுதியில் டீக்கன்கள் என்ற பாஸ் கூட்டத்தை வென்றால் கிடைப்பது. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத பொருள் அது. அதனால் பொம்மை விற்கிறேன் என்று யாராவது வந்தால் அதே ஆசாமிதான் வேறு பெயரில் வந்திருக்கிறார். நீங்கள் கதீட்ரலை முடித்துவிட்டீர்களா என்று இப்போதே பையில் பார்த்துக்கொள்ளுங்கள்.