சமயமானபோது பார்க்கலாமா?

கேள்வி: “ஆண்டவருடைய வருகை சமீபம், நியாயத்தீர்ப்பு வாசலில் நிற்கிறது” என்று 30 வருடங்களாகக் கேட்டுவருகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்படிப் பயமுறுத்துவதை விட்டுவிட்டு அன்பைப் பற்றி மட்டும் பிரசங்கித்தால் என்ன? நான் விசுவாசிதான், ஞாயிறு பள்ளியில் போதிக்கிறேன். அண்ணனுக்குச் சேரவேண்டிய சொத்து கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. அதையும் சமயம் வரும்போது சரிசெய்துவிடுவேன்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கேள்வி முதல் பாதியில் இருக்கிறது. அது எழுந்த இடம் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது.

நாள் குறிக்கிறவர்கள்மேல் உங்களுக்குச் சலிப்பு என்றால் எனக்கும் அதே சலிப்பு உண்டு. 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் ஆயிரக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று ஆண்டவரே சொன்ன பிறகும் கணக்குப் போட்டது அவர்கள் தவறு. அதற்காக நியாயத்தீர்ப்பே இல்லை என்று ஆகிவிடாது. “அவர் வருவார் என்கிற வாக்குத்தத்தம் எங்கே?” என்று கேட்பவர்கள் எழும்புவார்கள் என்று பேதுரு முன்கூட்டியே எழுதிவைத்தார், தாமதம்போலத் தெரிவது தேவனுடைய நீடிய பொறுமை என்ற விளக்கமும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அந்த 30 வருடங்களும் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட தவணை, சகோதரரே.

அப்போஸ்தலன் பவுலைக் காவலில் வைத்திருந்த ரோமத் தேசாதிபதி பேலிக்ஸை நினைத்துப் பாருங்கள். நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு ஆகியவற்றைக் குறித்துப் பவுல் பேசியபோது அவன் நடுங்கினான். “இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்” என்றான். சமயம் அவனுக்குக் கிடைக்காமல் போகவில்லை. அடிக்கடி பவுலை வரவழைத்துப் பேசினான். பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தான். 2 வருடம் கழிந்தது. பவுலைக் கட்டப்பட்டவனாகவே விட்டுப் போனான். முதல் நாள் வந்த பயம் பிறகு வந்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

யூதாவின் ராஜா யோயாக்கீமின் கதை இதைவிடக் கொடியது. ஒன்பதாம் மாதம், குளிர்கால வீடு, எதிரே கணப்பு எரிகிறது. நியாயத்தீர்ப்பை எச்சரிக்கும் எரேமியா தீர்க்கதரிசியின் சுருளை அரண்மனை ஊழியன் யெகுதி மூன்று நாலு பத்திகள் வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருளைச் சுட்டெரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சியும் கேட்கவில்லை. சுருள் முழுவதும் எரிந்து தீர்ந்தது. இவனுடைய தகப்பன் யோசியாவோ நியாயப்பிரமாண புஸ்தகத்தின் வார்த்தைகளைக் கேட்டவுடனே தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டவர். எரிந்த வார்த்தைகளைத் தேவன் மறுபடியும் எழுதவைத்தார், அதிகமாகவே. அதன்பின் 20 வருடம் முடிவதற்குள் எருசலேமே எரிந்தது.

“அன்பைப் பற்றி மட்டும்” என்கிறீர்கள். அந்தக் கத்தியும் வேண்டாத பத்திகளைத்தான் அறுத்தது. எரிகிற வீட்டில் தூங்குகிறவனை எழுப்புவது அன்பில்லையா? அழியவிருந்த சோதோம் பட்டணத்தில் லோத்து தாமதித்துக்கொண்டிருந்தபோது தூதர்கள் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்களே, கர்த்தர் அவன்மேல் வைத்த இரக்கத்தினால் அப்படிச் செய்தார்கள் என்றுதான் வேதம் சொல்லுகிறது.

இனி உங்கள் அண்ணன். மலைப்பிரசங்கத்தில் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்ற ஆண்டவர், அடுத்த வசனத்திலேயே நியாயாதிபதியையும் சிறைச்சாலையையும் குறிப்பிடுகிறார்: எதிராளியோடு வழியில் இருக்கும்போதே “சீக்கிரமாக” நல்மனம் பொருந்து என்கிறார். இயேசு அழைத்தபோது, மரத்தில் ஏறியிருந்த வரிவசூலிப்பவன் சகேயுவும் சீக்கிரமாய் இறங்கினான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னான். உங்களிடம் யாரும் நாலு மடங்கு கேட்கவில்லை. அண்ணனுடையதை அண்ணனிடம் கொடுத்தால் போதும்.

எதைச் செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால் இதைக் கடுமையாகவே எழுதுகிறேன். அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதீர்கள். அண்ணனுக்கு எழுதுங்கள், இன்றைக்கே. வரும் ஞாயிறு பிள்ளைகளுக்கு முன்னால் வேதத்தைத் திறப்பதற்குள் அது தபாலில் சேர்ந்திருக்கட்டும்.