இன்ஸ்டால் ஆன பிறகும் கேம் டிஸ்க்கைக் கேட்பது ஏன்?

டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் கேம், கன்சோலின் சேமிப்பகமான எஸ்எஸ்டியிலிருந்துதான் ஓடும். டிஸ்க் டிரைவின் வேகம் இன்றைய கேம்களுக்குப் போதாது. இன்ஸ்டால் ஆனபின் டிஸ்க் வெறும் சாவி. உள்ளே இல்லையென்றால் கேம் திறக்காது. ஆகவே டிஸ்க் வாங்கினால் எஸ்எஸ்டியில் இடம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். உண்மையான லாபம், ஆடி முடித்ததும் விற்கலாம், இரவல் கொடுக்கலாம்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது, வெளியிலிருந்து மாட்டவும் வழியில்லை. 2023இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டலுக்குத் தனி டிரைவ் வாங்கி மாட்டலாம். முதல்முறை இணைக்க இணையம் கட்டாயம்.

வெளிநாட்டு டிஸ்க் வாங்குவோர் கவனிக்க: பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். ஆனால் டிஎல்சி (கேமுக்குத் தனியாகச் சேர்க்கும் கூடுதல் உள்ளடக்கம்), டிஸ்க்கின் பகுதிக்குரிய பிளேஸ்டேஷன் கணக்கில் வாங்கினால்தான் பொதுவாக வேலை செய்யும்.