சதவீதத்தை நம்பி ஊர் மாறலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொழில்துறை வடிவமைப்பில் பட்டயப்படிப்பை முடிக்கப் போகிறேன். புதுப் பொருள்களுக்கு முன்மாதிரி செய்யும் வேலையில்தான் ஆசை. வேலைவாய்ப்புக் கணிப்பைப் பார்த்தால், ஒரு வட்டாரத்தில் பத்தாண்டுகளில் 12 சதவீதம் கூடும், இன்னொன்றில் 3 சதவீதம் குறையும் என்று இருக்கிறது. முதலாவதற்குப் போய்விடலாமா? த்ரீடி பிரிண்டர் வந்த பிறகு இந்தத் தொழிலில் கைவேலைக்கு இடம் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சதவீதத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஆட்களின் எண்ணிக்கை இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். முதல் வட்டாரத்தில் 150 பேர் இந்த வேலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் என்றால் பத்தாண்டில் 18 இடம், ஆண்டுக்கு இரண்டுகூட வராது. இரண்டாவதில் 4,000 பேர் என்றால் ஆண்டுக்கு 12 இடம் குறையும். ஆனால் ஓய்வு பெறுவோரும் வேறு தொழிலுக்குப் போவோருமாக ஆண்டுக்கு 4 சதவீதம் பேர் விலகினால் 160 இடம் காலியாகும். குறைவு போக 148 பேரை எடுத்தாக வேண்டும். அதே கணக்கில் முதல் வட்டாரத்தில் எட்டுப் பேர்கூடத் தேறாது. பெரிய வட்டாரத்தில் போட்டிக்கு நிற்பவர்களும் அதிகம்தான். ஆனாலும் ஒரு வேலை போனால் அடுத்ததைத் தேட அங்கே வழி இருக்கும். 150 பேர் உள்ள இடத்தில் ஒரே ஒரு ஆலை மூடினால் கணிப்பே தலைகீழாகிவிடும்.

இன்னொரு சிக்கல், பெயர். சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் பொருள் வடிவமைப்பாளருக்கு 2163, வரைவாளருக்கு 3118, கருவி செய்வோருக்கு 7222. நீங்கள் விரும்பும் வேலை இப்படிப் பல எண்களில் சிதறிக் கிடக்கிறது. 'மாடல் மேக்கர்' என்று மட்டும் தேடினால் பாதி விளம்பரங்கள் கண்ணில் படாது. புரோட்டோடைப் டெக்னீஷியன், டூல்ரூம், ஃபிக்ஸ்சர், கேட் (கணினி வரைவு) மாடலர், சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) புரோகிராமர் எல்லாவற்றையும் தேடுங்கள்.

பிரிண்டரைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நுரையைச் செதுக்கி வடிவம் காட்டும் வேலையில் பெரும்பங்கை அது எடுத்துக்கொண்டது. ஆனால் பிரிண்டரிலிருந்து வெளிவருவது பெரும்பாலும் முடிந்த பாகம் அல்ல. 5 மி.மீ. துளை சற்றுச் சிறுத்தே வரும். துளைப்பானால் சரிசெய்ய வேண்டும். பாகம் அடுக்கடுக்காக அச்சாவதால், அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் விசை விழுந்தால் பிளந்துவிடும். எப்படிக் கிடத்தி அச்சிடுவது என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். பிரிண்டரில் பரவலாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் வளைந்துபோகும்.

மாதிரியில் இருபது பிரதி கேட்பார்கள். மாதிரியின்மேல் சிலிக்கோனை ஊற்றி வார்ப்பு அச்சு எடுக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அங்கேதான். ஒளியில் இறுகும் ரெசினில் அச்சிட்டு, சரியாகப் பதப்படாத பாகத்தின்மேல் பிளாட்டினம் சிலிக்கோனை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை) ஊற்றினால், தொடும் பரப்பு இறுகாமல் பிசுபிசுவென நின்றுவிடும். கந்தகம் கலந்த களிமண்ணும் அதையே செய்யும். பாகத்தைக் கழுவி, புறஊதா ஒளியில் முழுதாகப் பதப்படுத்தி, தடுப்புப் பூச்சு கொடுத்து, ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்த பிறகே ஊற்ற வேண்டும். இதை அவசரத்தில் விட்டால் மூலமாதிரியும் அச்சும் சேர்ந்தே பாழாகும்.

சிஎன்சியும் படியுங்கள். 6 மி.மீ. கட்டர் உள்மூலையில் 3 மி.மீ. ஆர வளைவை விட்டே தீரும். அதை மறந்து கூர்மூலை வரையும் வடிவமைப்பாளரிடம் மூலை ஆரத்தை 3.5 மி.மீ. ஆக்கச் சொல்லத் தெரிந்தவரைப் பட்டறையை விட்டுப் போகவே விடமாட்டார்கள்.

ஊர் மாறும் முன், இரண்டு வட்டாரத்து விளம்பரங்களையும் எட்டு வாரம் சேகரியுங்கள். திரும்பத் திரும்ப வருவதை ஒன்றாகவே எண்ணுங்கள். எந்த இயந்திரம், எந்த மென்பொருள் கேட்கிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். நேர்காணலுக்குப் பளபளப்பான படங்களைவிட, நீங்கள் செய்த ஒரு பாகத்தையும் அதன் வரைபடத்தையும் வெர்னியரில் அளந்த அளவுகளையும் கொண்டுபோங்கள். எங்கே 0.3 மி.மீ. தவறியது, ஏன் தவறியது என்று அதிலேயே எழுதியிருக்கட்டும்.